கொண்டைக்குள் மறைந்திருந்த கதை

வெள்ளைக்காரர் என்றாலே துரை என்று எண்ணி வாழ்ந்தவர்கள் நம் பாட்டன் பாட்டிமார்கள். துரைக்குப் பங்களா, தோட்டத்து மக்களுக்கு லயம். துரைக்கு நாற்காலி, தொழிலாளிக்குப் பிரட்டுக்களம். இதைப் பார்த்துப் பார்த்தே காலம் கழித்ததால், வெள்ளைத் தோல் உடையவர்களிலும் கூலிக்காரர்கள் உண்டா, அவர்கள் வீட்டிலும் வயிறு காய்ந்த பிள்ளைகள் உண்டா என்று அவர்களில் பலர் நினைத்துப் பார்த்ததே இல்லை.

உண்டு, வாசகர்களே! கடல் கடந்து பிழைக்கப் போய், நெருக்கமான மரவீடுகளில் அடைந்து கிடந்து, விடியுமுன் எழுந்து வேலைக்கு ஓடிய வெள்ளைக்காரர்கள் இலட்சக்கணக்கில் இருந்தார்கள். அவர்களில் ஒருத்திதான் கமெல்லா தெயோலி. இத்தாலியக் குடும்பத்துப் பெண். அமெரிக்காவில் கம்பளி ஆலைத் தொழிலாளி. பதினான்கு வயதில் அந்த நாட்டின் நாடாளுமன்றக் குழுவின் முன் நின்று, தனக்கு நேர்ந்ததை அஞ்சாமல் சொன்னவர். பின்னாளில் தாயாகி, பாட்டியாகி முதுமையடைந்த அவர், அதைப் பற்றித் தம் சொந்த மகளிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமலே கண்ணை மூடினார்.

அந்தப் பாட்டியின் கதை தோட்டத்துக் குடும்பங்கள் ஒவ்வொன்றும் அறிந்துகொள்ள வேண்டிய கதை.

பிழைப்பைத் தேடி

1880க்கும் 1920க்கும் இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட இத்தாலியர்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். பெரும்பாலோர் தென்னித்தாலியின் ஏழைக் குடியானவர்கள். நிலம் பண்ணையாருடையது, வரி கொடுமை, மலேரியாக் காய்ச்சல் ஓயாத தொல்லை. வேறு போக்கில்லாமல் நேப்பிள்ஸ் போன்ற துறைமுகங்களில் மூட்டை முடிச்சுகளோடு காத்துக் கிடந்தார்கள். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலுக்குக் காத்துக் கிடந்த நம்மவர்களைப் போலத்தான்.

நமக்குக் கங்காணி இருந்ததுபோல அவர்களுக்கும் ஒருவர் இருந்தார். 'பத்ரோனே' என்று பெயர். வேலை பிடித்துக் கொடுப்பார்; சிலருக்குக் கப்பல் செலவுக்கும் வழி செய்வார்; கூலியில் தம் பங்கையும் எடுத்துக்கொள்வார்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மெரிமேக் என்னும் ஆற்றின் கரையில் லாரன்ஸ் என்ற நகரம் இருக்கிறது. ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டி, அந்த நீரின் வேகத்தில் இயந்திரங்களை ஓட்டவே 1840களில் உருவாக்கப்பட்ட ஊர் அது. 1910இல் அங்கே ஏறக்குறைய 86,000 பேர் வாழ்ந்தார்கள். இத்தாலியர், போலந்துக்காரர், லித்துவேனியர், சிரியர், ஐரிஷ்காரர் என்று பல நாட்டு மக்கள்; ஒரே தெருவில் பல மொழிகள். அந்த ஊரின் பெரிய முதலாளி அமெரிக்கன் வுல்லன் கம்பெனி. அதன் ஆலைகளில் ஒன்றான வுட் மில், அந்நாளில் உலகின் மிகப் பெரிய கம்பளி ஆலைகளில் ஒன்று.

கமெல்லாவின் தந்தை அந்த ஊரில் வாஷிங்டன் மில் என்ற ஆலையில் கம்பளி சீவும் வேலை பார்த்தார். வாரம் 7 வெள்ளி 70 காசு சம்பளம். குளிர்காலத்தில் வாரம் முழுதும் வேலை உண்டு. கோடையில் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள்தான். வீட்டில் ஐந்து பிள்ளைகள்.

மழை பெய்தால் வேலையில்லை, வேலையில்லாவிட்டால் சம்பளமில்லை என்ற கணக்கில் வாழ்ந்தவர்களுக்கு இந்தக் குடும்பத்தின் நிலையை விளக்க வேண்டியதில்லை.

நான்கு வெள்ளிக்கு வாங்கிய வயது

பதினான்கு வயது நிரம்பாத பிள்ளையை ஆலையில் வேலைக்கு வைக்கக் கூடாது என்று மாசசூசெட்ஸில் அப்போதே சட்டம் இருந்தது. கமெல்லா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். ஆறாம் வகுப்பு.

ஒருநாள் ஓர் ஆள் வீட்டுக்கு வந்தான். பெண்ணை ஏன் வேலைக்கு அனுப்பவில்லை என்று தகப்பனைக் கேட்டான். அவளுக்குப் பதின்மூன்றா பதினான்கா என்று தமக்கே தெரியவில்லை என்றார் தகப்பன். நான்கு வெள்ளி கொடு, அவளுக்குப் பதினான்கு வயது ஆகிவிட்டது என்று ஊரிலிருந்து கடுதாசி வரவழைத்துத் தருகிறேன் என்றான் வந்தவன். தகப்பன் கொடுத்தார். ஒரே மாதத்தில் கடுதாசி வந்தது. பெண்ணின் பள்ளிக்கூட வாழ்க்கை அதோடு முடிந்தது.

அந்த நான்கு வெள்ளி, தகப்பனுடைய வாரச் சம்பளத்தில் பாதிக்கும் மேல் என்பதை எண்ணிப் பாருங்கள். ஆசைப்பட்டுக் கொடுத்த பணமா அது? வீட்டில் ஐந்து பிள்ளைகள் பசித்திருக்கும்போது, மகளுடைய சம்பளமும் வந்தால் அடுப்பு எரியும் என்று நினைத்துக் கொடுத்த பணம். தகப்பனைக் குறை சொல்வது எளிது. ஆனால் பிள்ளையின் கூலியைச் சேர்த்தால்தான் வயிறு நிறையும் என்ற அளவுக்குச் சம்பளத்தைக் குறைத்து வைத்தவர்கள் யார் என்றும் கேட்கவேண்டும் அல்லவா?

கமெல்லாவுக்குக் கிடைத்தது நூல் முறுக்கும் பிரிவில் வேலை. இரண்டு மூன்று இழைகளை ஒன்றாகச் சேர்த்து முறுக்கி உறுதியான நூலாக்கும் இயந்திரம் அது. ஆலை முழுவதும் சுழலும் சக்கரங்களும் ஓடும் வார்ப்பட்டைகளுமாக இருக்கும். நீண்ட கூந்தலுள்ள சிறுமிகளுக்கு அது எவ்வளவு ஆபத்தான இடம்!

வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரந்தான். இயந்திரம் கமெல்லாவின் தலைமுடியைப் பற்றி இழுத்துத் தலைத்தோலையே பிய்த்துவிட்டது.

ஏழு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டணத்தைக் கம்பெனி கட்டியது. அதைத் தவிர வேறெதுவும் தரவில்லை. அந்த ஏழு மாதத்துக்கு ஒரு காசு சம்பளமும் இல்லை. வயது குறைந்த பிள்ளையை வேலைக்கு அனுப்பினார் என்று போலீஸ் தகப்பனைப் பிடித்தது. நான்கு வெள்ளி வாங்கிய ஆளைப் பற்றி அவர் சொன்ன பிறகே விட்டார்கள். வேலையும் திரும்பக் கிடைத்தது.

காயம் முழுவதும் ஆறுவதற்கு முன்பே கமெல்லா மீண்டும் ஆலைக்குப் போனாள், இம்முறை வுட் மில்லுக்கு. நல்ல வாரத்தில் 6 வெள்ளி 55 காசு. வேலை குறைந்த வாரத்தில் 2 வெள்ளி 64 காசும் வாங்கியிருக்கிறாள். அதிலும் ஆலையில் குடிக்கும் தண்ணீருக்கு இரண்டு வாரத்துக்கு 10 காசு கொடுக்கவேண்டும். ஒரு வாரச் சம்பளத்தைக் கம்பெனி எப்போதும் கையில் நிறுத்தி வைத்துக்கொள்ளும்.

32 காசு

1912 ஜனவரி முதல் தேதியன்று மாசசூசெட்ஸில் ஒரு புதிய சட்டம் நடப்புக்கு வந்தது. பெண்களும் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களும் வாரத்துக்கு 56 மணி நேரம் வேலை செய்து வந்தார்கள். இனி 54 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்றது சட்டம். நல்ல சட்டந்தானே என்று நமக்குத் தோன்றும். ஆனால் முதலாளிகள் குறைந்த இரண்டு மணி நேரத்துக்கான கூலியையும் குறைத்துவிட்டார்கள். குறைந்த நேரத்தில் பழைய அளவு வேலையை முடிக்க இயந்திரத்தின் வேகமும் கூட்டப்பட்டது என்று தொழிலாளர்கள் புகார் சொன்னார்கள்.

ஜனவரி 11ஆம் தேதி எவரெட் மில்லில் போலந்து நாட்டுப் பெண்கள் சம்பளக் கவரைப் பிரித்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய 32 காசு குறைந்திருந்தது. பணக்காரனுக்கு 32 காசு சில்லறை. அந்தப் பெண்களுக்கு அது வீட்டுப் பிள்ளைகளின் சில நாள் ரொட்டி. தறிகளை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். மறுநாள் வாஷிங்டன் மில்லில் இத்தாலியர்கள் எழுந்தார்கள். சில நாட்களில் 20,000 பேருக்கு மேல் வீதியில் நின்றார்கள். எங்கும் பனி, உறைய வைக்கும் குளிர்.

இத்தனை மொழிக்காரர்கள் ஒன்றுசேரவே மாட்டார்கள் என்பது முதலாளிகளின் கணக்கு. அந்தக் கணக்கு பொய்த்துப் போனது. கூட்டங்களில் பேசப்பட்டதை ஒவ்வொரு மொழியிலும் பெயர்த்துச் சொன்னார்கள். வேலைநிறுத்தக் குழுவில் ஒவ்வொரு இனத்தாருக்கும் இடம் கொடுத்தார்கள். பொதுச் சமையல் வைத்துப் பசி போக்கினார்கள். பெண்கள் கை கோத்து ஆலைகளைச் சுற்றி ஓயாமல் நடந்தார்கள்.

அரசாங்கம் துப்பாக்கி ஏந்திய படையை இறக்கியது. ஜனவரி 29ஆம் தேதி ஆனா லோபிட்சோ என்ற இத்தாலியத் தொழிலாளிப் பெண் குண்டடி பட்டு இறந்தாள். சுட்டது போலீஸ்காரர் என்று தொழிலாளர்கள் சொன்னார்கள். ஆனால் சிறைக்குப் போனவர்கள், அந்த இடத்திலேயே இல்லாத தலைவர்களான ஜோசப் எட்டோரும் அர்ட்டூரோ ஜொவன்னிட்டியும். அவர்கள் குற்றமற்றவர்கள் என்று தீர்ப்பாகி வெளியே வர நவம்பர் மாதம் ஆகிவிட்டது.

பட்டினி நீண்டபோது, பிள்ளைகளையாவது காப்பாற்றுவோம் என்று நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிப்ரவரி 10ஆம் தேதி நியூயார்க் நகரத்துக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த ஆதரவாளர்கள் தங்கள் வீடுகளில் வைத்துச் சோறு போட முன்வந்திருந்தார்கள். உடன் சென்ற தாதி மார்கரெட் சாங்கர், அந்தக் கடுங்குளிரில் 119 குழந்தைகளில் நான்கு பேருக்குத்தான் உள்ளாடை இருந்தது என்று பிறகு நாடாளுமன்றக் குழுவில் சொன்னார். நாடெல்லாம் உடுத்தக் கம்பளி செய்து கொடுத்தவர்களின் பிள்ளைகள் அவர்கள்!

பிப்ரவரி 24ஆம் தேதி இன்னொரு கூட்டம் குழந்தைகள் இரயில் நிலையத்துக்குப் புறப்பட்டபோது போலீஸ் தடியோடு பாய்ந்தது. தாய்மாரையும் பிள்ளைகளையும் இழுத்து வண்டியில் ஏற்றியது. நாடே கொதித்தது. அதன் பிறகே அமெரிக்க நாடாளுமன்றம் விசாரணைக்கு உத்தரவிட்டது.

சிறுமியின் சாட்சி

1912 மார்ச் மாதம். தலைநகர் வாஷிங்டனில் நாடாளுமன்றக் குழுவின் முன் லாரன்ஸ் தொழிலாளர்கள் வரிசையாக வந்தார்கள். அவர்களுள் பலர் சிறுவர் சிறுமியர். அதிபர் டாஃப்டின் மனைவியும் அந்த விசாரணையைக் கேட்க வந்திருந்தார். கமெல்லாவின் முறை வந்தது. வயது என்ன என்று கேட்டார்கள். பதினான்கு வயது எட்டு மாதம் என்றாள்.

பெரிய பெரிய வக்கீல்களும் அரசியல்வாதிகளும் சூழ்ந்திருந்த அந்த மண்டபத்தில் அவள் அழவில்லை, அலங்காரமாகப் பேசவும் இல்லை. கேட்டதற்கெல்லாம் ஓரிரு வார்த்தையில் பதில் சொன்னாள். நான்கு வெள்ளிக் கடுதாசி, இரண்டு வாரத்தில் நேர்ந்த விபத்து, ஏழு மாத ஆஸ்பத்திரி, கிடைக்காத சம்பளம், தண்ணீருக்குக் கொடுத்த 10 காசு, எல்லாவற்றையும் சொன்னாள். எதற்காக வேலைநிறுத்தம் செய்தாய் என்ற கேள்விக்கு, வீட்டில் வயிறாரச் சாப்பிடக் கிடைக்கவில்லை என்றாள்.

அவள் சொன்னது பத்திரிகைகளில் வந்தது. கம்பளிச் சட்டை போட்ட ஒவ்வொருவரும் அது யாருடைய உழைப்பில் வந்தது என்று அறிய நேர்ந்தது. சில நாட்களில் கம்பெனி இறங்கி வந்தது. மார்ச் 14ஆம் தேதி தொழிலாளர்கள் திறந்த திடலில் கூடி உடன்பாட்டை ஏற்றார்கள். எல்லாருக்கும் சம்பள உயர்வு. குறைந்த கூலி வாங்கியவர்களுக்கே கூடுதலான உயர்வு. மிகைநேர வேலைக்குக் கூடுதல் கூலி. வேலைநிறுத்தம் செய்தவர்களைப் பழிவாங்குவதில்லை என்ற வாக்குறுதி. சுற்றுவட்டாரத்து மற்ற ஆலைகளிலும் சம்பளம் ஏறியது. ரொட்டியும் ரோஜாவும் வேலைநிறுத்தம் என்று பின்னாளில் பெயர் பெற்றது இதுதான்.

வாயடைத்த ஊர்

இப்படி வென்ற ஊர், அந்த வெற்றியைக் கொண்டாடியிருக்க வேண்டும் அல்லவா? நடந்தது வேறு.

அதே ஆண்டு அக்டோபர் 12ஆம் தேதி ஊர்ப் பெரியவர்கள் கடவுளுக்காகவும் நாட்டுக்காகவும் என்ற முழக்கத்தோடு பெரிய ஊர்வலம் நடத்தினார்கள். வேலைநிறுத்தம் செய்தவர்கள் கடவுளை நம்பாதவர்கள், நாட்டுக்கு ஆகாதவர்கள் என்ற பேச்சு ஊரெங்கும் பரவியது. அதில் கலந்துகொண்டேன் என்று சொன்னால் வேலை போய்விடுமோ, பிள்ளைகளுக்குக் கெட்ட பெயர் வந்துவிடுமோ என்ற அச்சம். புதிய நாட்டில் நல்ல குடிமக்கள் என்று பெயரெடுக்க விரும்பிய ஏழைக் குடும்பங்கள் வாயை மூடிக்கொண்டன. பெற்றோர் சொல்லவில்லை, பிள்ளைகள் கேட்கவில்லை. 1950களில் பெரிய ஆலைகளும் மூடப்பட்டன. ஐம்பது அறுபது ஆண்டுகளில், அந்த ஊர்ப் பிள்ளைகளில் பலருக்குத் தங்கள் ஊரில் அப்படியொரு போராட்டம் நடந்ததே தெரியாமல் போய்விட்டது.

1970களின் பிற்பகுதியில் பால் கோவன் என்ற நியூயார்க் பத்திரிகையாளர் லாரன்ஸுக்கு வந்தார். பழைய விசாரணை ஏடுகளில் கமெல்லாவின் சாட்சியத்தைப் படித்திருந்த அவர், அந்தக் குடும்பத்தைத் தேடினார். அப்போது கமெல்லா உயிரோடு இல்லை. மகள் அதே ஊரில் இருந்தார்.

தாயின் தலையில் பின்பக்கம் அரையடி அளவுக்கு முடி முளைக்காத இடம் இருந்ததை மகள் அறிவார். நாள்தோறும் தாயின் கூந்தலை வாரி, அந்த இடம் தெரியாதபடி கொண்டை போட்டுவிட்டவரே அவர்தான். ஆனால் தாய் போராட்டத்தில் கலந்துகொண்டதும், வாஷிங்டனுக்குப் போய் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னதும் மகளுக்குத் தெரியாது. பத்திரிகையாளர் சொல்லித்தான் முதன்முதலாகக் கேள்விப்பட்டார்.

தாய்மார்களே, இதைச் சற்று நினைத்துப் பாருங்கள். எத்தனை ஆண்டுகள், எத்தனை காலைப்பொழுதுகள் அந்த மகளின் விரல்கள் அந்தத் தழும்பின் மேல் பட்டிருக்கும்! தாய்க்கும் மகளுக்கும் இடையே ஒரு சீப்பின் தூரந்தான். அந்தத் தூரத்தைக் கடந்து வர அந்தக் கதைக்கு அறுபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. அதுவும் தாய் போன பிறகு, முன்பின் அறியாத ஒருவர் வாய்வழியாக.

நாடாளுமன்றத்தில் எவரோ ஓர் எழுத்தர் அந்தச் சிறுமி சொன்னதை வரிக்கு வரி எழுதி வைத்தார். அதனால்தான் அந்தக் கதை பிழைத்தது. எழுதப்படாத மற்ற பிள்ளைகளின் கதைகள் அவர்களோடு மண்ணுக்குள் போய்விட்டன.

பிறகு லாரன்ஸ் நகரம் விழித்துக்கொண்டது. இத்தாலியக் குடியேறிகளின் மகனான ரால்ஃப் ஃபசனெல்லா என்ற ஓவியர் 1970களில் அந்த ஊரில் தங்கி, முதியவர்களிடம் கேட்டறிந்து, அந்த வேலைநிறுத்தத்தைப் பெரிய ஓவியங்களாகத் தீட்டினார். 1980களிலிருந்து அங்கே ரொட்டியும் ரோஜாவும் என்ற பெயரில் விழா எடுக்கத் தொடங்கினார்கள். மறக்கப்பட்ட பெண்களின் பெயர்களைப் பேரப்பிள்ளைகள் தலைநிமிர்ந்து சொல்லும் காலம் வந்தது.

நம் வீட்டில் யார் கேட்டார்கள்?

நம் பாட்டிமார்கள் ஏன் பேசுவதில்லை? பட்ட பாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம் ஒன்று. கூலி வேலை செய்ததைச் சொன்னால் படித்த பேரப்பிள்ளைகளுக்குக் கேவலம் என்ற கூச்சம் ஒன்று. யாரும் கேட்கவில்லை என்பது இன்னொன்று. வகுப்பில் பிள்ளைகளிடம், உங்கள் பாட்டி எந்தத் தோட்டத்தில் பிறந்தார் என்று கேட்டால் விழிக்கிற பிள்ளைகளே அதிகம். பாட்டிக்கு என்ன பெயர் என்று கேட்டால்கூடச் சிலர் 'பாட்டிதான் சார்' என்கிறார்கள்!

எத்தனையோ தோட்டங்கள் துண்டாடப்பட்டுவிட்டன. லயங்கள் இடிபட்டு, அந்த இடத்தில் வீடமைப்புத் திட்டங்கள் எழும்பிவிட்டன. சாட்சி சொல்ல மரமும் இல்லை, கட்டடமும் இல்லை. மிஞ்சியிருப்பது முதியவர்களின் நினைவு மட்டுமே.

இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. பாட்டிக்கு எண்ணெய் தேய்த்துவிடும்போது, தலை வாரிவிடும்போது ஒவ்வொரு கேள்வியாகக் கேளுங்கள். எந்த ஊரிலிருந்து யார் வந்தார்கள்? எத்தனை வயதில் வேலைக்குப் போனீர்கள்? பள்ளிக்கூடம் போனீர்களா, ஏன் நின்றீர்கள்? முதல் சம்பளம் எவ்வளவு, அதை யாரிடம் கொடுத்தீர்கள்? பிரசவம் எங்கே நடந்தது, பிள்ளையை யார் பார்த்துக்கொண்டார்? தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்ததா, அப்போது வீட்டில் என்ன சாப்பிட்டீர்கள்? கையிலும் காலிலும் இருக்கும் தழும்பு எப்படி வந்தது? சொல்ல மனமில்லாததை வற்புறுத்திக் கேட்க வேண்டாம். இன்று சொல்லாததை ஒரு மாதம் கழித்துத் தாமாகவே சொல்வார்கள்.

பிள்ளைகள் கையில் இன்று கைத்தொலைபேசி இருக்கிறது. பாட்டியின் குரலை அதில் பதிவு செய்யலாம். ஆனால் தொலைபேசி தொலையும், உடையும். ஆகவே கேட்டதை எழுதியும் வையுங்கள். பழைய படங்களின் பின்புறத்தில் இருப்பவர்களின் பெயரையும் ஆண்டையும் குறித்து வையுங்கள். பழைய அடையாளக் கார்டு, சம்பளச் சீட்டு, சங்க அட்டை எதையும் குப்பையில் போடாதீர்கள்.

அடுத்த சம்பள நாளில் பிள்ளைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். முதல் பக்கத்தில் பாட்டியின் முழுப்பெயர், அவருடைய தாய் தந்தையர் பெயர், பிறந்த தோட்டத்தின் பெயர், இந்த மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். மற்றவை தாமே வந்து சேரும்.